ஏழாம் வகுப்புப் பையன், நேற்றுப் படித்தது இன்று இல்லை: எஃப்.ஏ.எஸ்.டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேளிமலை டீச்சர் | செப்டம்பர் 2, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கல்குளம் தாலுகாவில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஊர், வகுப்பு, குடும்ப விவரம் எல்லாம் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் துப்புத் துலக்க வேண்டாம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். 12 வயது முடிந்துவிட்டது, ஆளைப் பார்த்தால் நாலாம் வகுப்பு என்பீர்கள். அம்மச்சிதான் வளர்க்கிறார். அம்மா உயிரோடு இல்லை, அப்பா வருவதில்லை. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. ஐஸ்காரர், பஸ் கண்டக்டர், சுவர் பூச வந்த மேஸ்திரி, எல்லோரும் ஐந்தே நிமிடத்தில் அவனுக்கு மாமா. ஆறாம் வாய்ப்பாட்டைத் திங்கட்கிழமை கடகடவென்று ஒப்பிப்பான். செவ்வாய்க்கிழமை கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் போல முழிப்பான். "பையை வச்சுட்டு, நோட்டை எடுத்து, நேத்து எழுதின பக்கத்தைத் திற" என்றால் பையை வைப்பான், அத்தோடு சரி. பக்கத்துப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் இவன் பையில் இருக்கும். கேட்டால் "அவனேதான் தந்தான்" என்று ஒரு கதை வரும். கதையில் மழை, நாய், ஆட்டோ எல்லாம் உண்டு. அன்றைக்கு மழையே பெய்திருக்காது.

ஸ்டாஃப் ரூமில் அவனுக்குப் பெயர் புளுகன். அடித்துப் பார்த்தவர்களும் உண்டு. அழுவான். பத்து நிமிடத்தில் அடித்தவர் கையையே பிடித்துக்கொண்டு நடப்பான். மத்தியானம் அதே தப்பைச் செய்வான்.

போன வாரம் ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர் (எஃப்.ஏ.எஸ்.டி) பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் குடித்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் வரும் பாதிப்பு. படிக்கப் படிக்க இவன் முகம்தான் முன்னால் நிற்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நம் எல்லோருக்கும் ஒரு பள்ளம் இருக்குமே, இவனுக்கு அந்த இடம் தட்டை. இது அதுவாக இருக்குமா? இருந்தால் அந்த அம்மச்சியிடம் என்னவென்று கேட்பது?

தோவாளை அண்ணாச்சி | செப்டம்பர் 2, இரவு 10:05

டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. வெளிநாட்டுக்காரிய குடிப்பா, அங்க இந்தச் சூக்கேடு வரும். நம்ம ஊருல பொம்பள குடிச்சு எங்க பாத்திருக்கிய? எனக்க கடை டாஸ்மாக்குக்கு நாலு கடை தள்ளித்தான் கெடக்கு. இருவது வருசமா பாக்குதேன். வரிசையில நிக்கது பூரா ஆம்பளையாக்கும். பயலுக்குப் படிப்பு ஏறல்ல, அம்புட்டுதான். நாலு பெட தந்தா சரியாவும்.

மார்த்தாண்டம் தேன் | செப்டம்பர் 2, இரவு 11:50

அண்ணாச்சி, நாலு அடி கொடுத்தாயிற்று என்று டீச்சரே எழுதியிருக்கிறார். சரியாகவில்லை.

டீச்சர், நான் மார்த்தாண்டம் பக்கம். ஸ்காட்லாந்தில் நர்ஸ் வேலை, குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவில்தான். இங்கே 2019ல் இதற்கென்றே தனி மருத்துவ வழிகாட்டி வந்தது. கர்ப்பத்தில் எவ்வளவு குடித்தார் என்பதை எல்லாத் தாய்மாரிடமும் வழக்கமாகக் கேட்டு எழுதி வைக்கச் சொல்கிறது. சந்தேகப்படுகிறவர்களிடம் மட்டும் கேட்டால் அது குற்ற விசாரணை ஆகிவிடும். எல்லோரிடமும் கேட்டால் ரத்த குரூப் கேட்பது மாதிரி.

விஷயம் என்னவென்றால், தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாக நேரே பிள்ளைக்குப் போகிறது. பெரியவர்களுக்கு அதை உடைத்து வெளியேற்ற ஈரல் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் ஈரல் அதற்குத் தயாராகவே இல்லை. பனிக்குட நீரிலும் அது தங்கும். அதனால் தாய்க்குப் போதை இறங்கின பிறகும் பிள்ளை அதிலேயே கிடக்கும். இந்த மாதத்தில் குடித்தால் பரவாயில்லை, இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. முகம் உருவாவது ஆரம்ப வாரங்களில். மூளை உருவாவதோ பத்து மாதமும். அதனால் முகத்தில் ஒன்றுமே தெரியாமல் மூளையில் மட்டும் பாதிப்பு உள்ள பிள்ளைகள்தான் அதிகம். உதட்டைப் பார்த்து "இருக்கிறது" என்பதும் தவறு, உதடு நன்றாக இருக்கிறதென்று "இல்லை" என்பதும் தவறு.

நீங்கள் எழுதியதில் முகத்தை விட எனக்கு உறைத்தது வேறு: பேச்சு வயதுக்கு மேல், புரிதல் வயதுக்குக் கீழ். இங்கே நான் பார்க்கும் பிள்ளைகளில் இதுதான் எல்லோரையும் ஏமாற்றும். இவ்வளவு பேசத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா, வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் தோன்றும்.

குழந்தை டாக்டர் | செப்டம்பர் 3, காலை 6:30

நாகர்கோவிலில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். ஓ.பி. ஆரம்பிக்கும் முன் எழுதுகிறேன்.

முதலில் டீச்சருக்கு: நீங்கள் கவனித்தது நல்லது. ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மருத்துவர்கள் பார்க்கும் முக அடையாளம் மூன்று. கண் திறப்பின் நீளம் குறைவு, மூக்கடிப் பள்ளம் மழுங்கி இருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும், அதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். கண்ணை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்போம். உதட்டுக்குப் படங்கள் போட்ட ஒப்பீட்டு அட்டை உண்டு. சிரிக்கிற பிள்ளைக்கு உதடு தானாக மெலியும், பள்ளமும் மறையும். ஆகவே குரூப் போட்டோவை ஜூம் செய்து பார்க்கும் வேலை வேண்டாம். வயது ஏற ஏற முக அடையாளம் மங்கிவிடுவதும் உண்டு.

அடுத்தது, இதே முகம் வேறு காரணத்தாலும் வரும். கர்ப்பத்தில் வலிப்புக்காக வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் பள்ளம் மழுங்கி, உதடு மெலிந்து இருக்கும், கற்றலிலும் சிரமம் வரும். (இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. கர்ப்பம் பற்றி யோசிக்கும்போதே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.) மரபணுக் கோளாறுகள் சிலவற்றிலும் இப்படி வரும். உயரம், எடை, தலைச் சுற்றளவு, தைராய்டு, காது கேட்பது, கண் பார்வை, ரத்தசோகை இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. காது கேளாத பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று அடித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

அண்ணாச்சிக்கு: தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) இந்திய அளவில் குடிப்பதாகச் சொன்ன பெண்கள் 1 சதவீதம் சொச்சம், ஆண்கள் 19 சதவீதம் அளவில். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நம் ஊரில் இது அரிதுதான். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு மருமகளிடம் அவள் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, நான் படித்த காலத்தில் இதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. தேடாத பொருள் கிடைக்காது.

தோவாளை அண்ணாச்சி | செப்டம்பர் 3, காலை 7:15

அப்போ அப்பன் குடிச்சா? இங்க அதான பிரச்சினை.

குழந்தை டாக்டர் | செப்டம்பர் 3, மதியம் 1:50

நல்ல கேள்வி. இந்த நோய்க்கணிப்புக்குக் கணக்கில் வருவது தாயின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் குடித்தது மட்டும்தான். ஆனால் குடிக்கிற கணவன் இருக்கும் வீட்டில் அடி, பட்டினி, தூக்கமின்மை எல்லாம் உண்டு. அதுவும் பிள்ளையின் மூளையை விட்டு வைக்காது. "கம்பெனி கொடு" என்று மனைவிக்கு ஊற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஓ.பி.யில் கதவைச் சாத்தின பிறகு வரும் தகவல் அது.

பனையேறி மகன் | செப்டம்பர் 3, மாலை 5:20

ஒரு சந்தேகம். எங்க வீட்டுக்காரிக்கு ஆறாம் மாசம். எங்க அப்பா இன்னும் பனை ஏறுதாரு. சீசன்ல தினமும் ஒரு செம்பு அக்கானி (பதநீர்) குடிச்சா. இப்போ இதைப் படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாக்குதா பாருங்க!

மார்த்தாண்டம் தேன் | செப்டம்பர் 3, மாலை 6:02

அக்கானி வேறு, கள்ளு வேறு என்று பனையேறி மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது அக்கானி. தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்பு சரியாகத் தடவி, இறக்கின உடனே குடிக்கும் அக்கானியில் பயமில்லை. புளிப்பு ஏறினால் வேண்டாம். கலயம் சுத்தமா, சர்க்கரை இருக்கிறதா என்பதெல்லாம் தனி. கள்ளு நிச்சயமாக வேண்டாம். "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளை வெளுப்பாகப் பிறக்கும்" என்று எங்கள் பக்கம் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்மூரில் தடை இருந்தாலும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள்ளு ஷாப்பு இருக்கிறதே.

குழித்துறை அக்கா | செப்டம்பர் 3, இரவு 8:11

அப்படியே இதையும் சொல்லுங்க. பெத்தவளுக்குத் தசமூலாரிஷ்டம் (ஆயுர்வேத மருந்து) கொடுக்காத வீடு விளவங்கோட்டில் உண்டா? கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டில் ரெண்டு பரணி திராட்சை ஒயின் போடுவோம். "இது சாராயமா, சும்மா பழச்சாறு" என்று கர்ப்பிணிக்கும் ஒரு கிளாஸ் கொடுப்போமே.

குழந்தை டாக்டர் | செப்டம்பர் 3, இரவு 10:30

வீட்டு ஒயினும் ஒயின்தான். ஈஸ்டும் சர்க்கரையும் போட்டு வாரக்கணக்கில் பரணியில் மூடி வைத்தால் உண்டாவது ஆல்கஹால். வீட்டில் செய்தது என்பதால் அளவு தெரியாது என்பது கூடுதல் சிக்கல். கர்ப்பிணிக்கு வேண்டாம். அரிஷ்டங்களின் சீசாவிலேயே தானாக உண்டான ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். படித்துப் பார்த்தால் பல பீர்களை விட அதிகமாகத்தான் இருக்கும். பேறுகாலத்துக்குப் பிறகு குடிப்பதால் எஃப்.ஏ.எஸ்.டி வராது, அது வயிற்றில் இருக்கும்போது மட்டும் வரும் பாதிப்பு. ஆனாலும் பால் கொடுக்கும் தாய் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எந்த அரிஷ்டமும் தானாக வாங்கிக் குடிக்க வேண்டாம்.

இதை வைத்து யாரும் பீதியடையவும் வேண்டாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் குடித்த தாய்க்கெல்லாம் பிள்ளை இப்படிப் பிறப்பதில்லை. 2017ல் வெளிவந்த உலக அளவிலான மதிப்பீட்டில், கர்ப்பத்தில் குடித்த பெண்கள் 13 பேரில் ஒருவருக்குத்தான் எஃப்.ஏ.எஸ்.டி உள்ள பிள்ளை. அளவு, எந்த மாதம், தாயின் சத்து நிலை, மரபணு எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிறது. யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை, அதனால்தான் முழுக்கத் தவிர்க்கச் சொல்கிறோம்.

பெயரிலி | செப்டம்பர் 4, நள்ளிரவு 1:17

புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். நான் நாகர்கோவில்காரி. பெங்களூரில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெள்ளிக்கிழமை பார்ட்டி, கல்யாணமான பிறகும். மாதவிடாய் தள்ளிப்போனதை நான் கவனிக்கவில்லை. எட்டாவது வாரம்தான் தெரிந்தது. அன்றே நிறுத்திவிட்டேன். அதற்கு முன் குடித்தது குடித்ததுதான்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஏ.டி.ஹெச்.டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பெரிதாக மாற்றம் இல்லை. யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். அண்ணாச்சி எழுதினதையும் படித்தேன்.

மார்த்தாண்டம் தேன் | செப்டம்பர் 4, அதிகாலை 2:05

தங்கச்சி, இங்கே மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை, விழித்துத்தான் இருக்கிறேன். தெரிந்த அன்றே நிறுத்தினாய். அதற்குப் பிறகு அந்த மூளை வளர்ந்த ஏழு மாதமும் நீ அதற்குக் கொடுத்தது. அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போ. இல்லையென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டு: "முதல் எட்டு வாரம் குடித்தேன்." அந்த ஒரு வரி அவர்களுக்கு வேண்டும். முகத்தில் அடையாளம் இல்லாத பிள்ளைக்கு, கர்ப்பத்தில் மது இருந்தது என்ற தகவல் உறுதியாகத் தெரியாமல் இந்தக் கணிப்பைப் போடவே முடியாது.

ஏ.டி.ஹெச்.டி தவறான கணிப்பு என்றும் சொல்ல மாட்டேன். இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதுவும் சேர்ந்தே இருக்கும். மாத்திரை சிலருக்கு எதிர்பார்த்த மாதிரி வேலை செய்யாது, அதை டாக்டர் மாற்றிப் பார்ப்பார். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசுவார்கள்.

நிர்வாகி | செப்டம்பர் 4, காலை 8:00

பெயரிலி யார் என்று ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்கு ஒரு மாதம் தடை.

தோவாளை அண்ணாச்சி | செப்டம்பர் 4, காலை 9:26

அந்த ரெண்டும் நான் இல்ல. அந்த மோள் மனசு நோவ நான் ஒண்ணும் சொல்லல்ல. சொன்னதா தோணிச்சுன்னா பொறுத்துக்கிடட்டு.

பொறுமைசாலி | செப்டம்பர் 4, மாலை 7:40

வட்டார வள மையத்தின் கீழ் சிறப்பாசிரியராக வேலை. ஆறு பள்ளிக்கு நான் ஒருத்தி, அதனால் பதில் தாமதம்.

கணிப்பு வருகிறபோது வரட்டும். டீச்சர், வகுப்பில் நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன், அவனுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் இது கெடுதல் செய்யாது.

இந்தப் பிள்ளைகளின் நினைவு கிணற்றுத் தண்ணீர் மாதிரி. தண்ணீர் உள்ளே இருக்கிறது. வாளி சில நாள் நிறைந்து வரும், சில நாள் பாதியில் கவிழ்ந்துவிடும். திங்கட்கிழமை வாளி நிறைந்து வந்ததைப் பார்த்தவர்கள் செவ்வாய்க்கிழமை "வேணும்னே சொல்ல மாட்டேங்கிறான்" என்பார்கள். அவன் சொல்லும் பொய் என்று நீங்கள் எழுதின கதை இருக்கிறதே, மழை, நாய், ஆட்டோ, அதை நான் பொய் என்று எடுக்க மாட்டேன். என்ன நடந்தது என்று டீச்சர் கேட்கிறார், மண்டையில் அந்த இடம் காலி. பதில் சொல்லியாக வேண்டும். பார்த்தது, கேட்டது, டி.வி.யில் வந்தது எல்லாம் ஓடி வந்து அந்தக் காலி இடத்தை அடைக்கிறது. சொல்லி முடிக்கும்போது அவனே அதை நம்புகிறான். பொய்க்காரனுக்கு லாபம் ஒன்று இருக்கும். இவன் கதையில் இவனுக்கே ஆப்பு வைக்கிற விவரங்கள் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

ஜாமெட்ரி பாக்ஸும் அப்படித்தான். "என்னுடையது, உன்னுடையது" என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். கையில் இருப்பது என்னுடையது, அவ்வளவுதான் அவன் கணக்கு. எல்லாப் பொருளிலும் அவன் படத்தை ஒட்டுங்கள். படம் இருந்தால் உன்னுது, இல்லையென்றால் திருப்பிக் கொடு. திருடன் என்ற சொல்லை வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. அதை முடித்தபின் அடுத்தது. "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. "பெஞ்சில உக்காரு, கை மேசை மேல" என்றால் புரியும். நம் தமிழில் சொலவடை அதிகம், அதைக் குறையுங்கள். ஒரு பள்ளியில் "வாலைச் சுருட்டிட்டு உக்காரு" என்று சார் சொல்ல, பிள்ளை திரும்பித் தன் முதுகைப் பார்த்தான். வகுப்பு சிரித்தது, கிண்டல் பண்ணுகிறான் என்று சாருக்குக் கோபம். பிள்ளை நிஜமாகவே தேடினான்.

தினசரி வேலைகளைப் படம் போட்டு வரிசையாக மேசையில் ஒட்டுங்கள். சொன்னதையே நூறு தடவை, அதே வார்த்தையில், சலிக்காமல் சொல்ல வேண்டும். நேற்று சொன்னேனே என்று மட்டும் சொல்லாதீர்கள். அடித்தும் அதே தப்பைச் செய்கிறான் என்று எழுதினீர்கள்: காலையில் செய்த தப்பையும் மத்தியானம் விழுந்த அடியையும் இணைக்கும் கயிறு அவனுக்கு இல்லை. அடி விழுந்தது தெரியும், எதற்கு என்று தெரியாது. சத்தம், டியூப்லைட் மினுக்கல், சட்டைக் காலரின் பின்பக்கத் துணி லேபிள்கூடச் சில பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். ஜன்னலோரத்தில் இருந்தால் முன்பெஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள்.

பழையாறு | செப்டம்பர் 5, காலை 11:03

என் பிள்ளைக்கு வேறு பிரச்சினை, ஆனால் சர்டிஃபிகேட்டுக்கு அலைந்த அனுபவம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் 21 வகை இருக்கிறது. எஃப்.ஏ.எஸ்.டி என்ற பெயரில் ஒன்றும் கிடையாது. அதனால் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கவுன்டரில் முழிப்பார்கள். பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடா, குறிப்பிட்ட கற்றல் குறைபாடா என்று பார்த்து அந்த வகையில்தான் வாங்க முடியும். 40 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள் என்பது என் சொந்தப் புத்தி.

ஒரு எச்சரிக்கை. ஐ.க்யூ 70க்கு மேல் வந்தால் "பிள்ளை நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். அன்றாடத் திறனையும் அளக்கச் சொல்லுங்கள், வைன்லண்ட் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது: குளிப்பது, காசு எண்ணுவது, தனியே பஸ் ஏறுவது எல்லாம் அதில் வரும்.

குழந்தை டாக்டர் | செப்டம்பர் 5, இரவு 9:45

பழையாறு சொன்னது முக்கியம். எஃப்.ஏ.எஸ்.டி உள்ள பலருக்கு ஐ.க்யூ சராசரியில்தான் இருக்கும். ஓட்டை வேறு இடத்தில்: நினைவு, கவனம், திட்டமிடல், உணர்ச்சியை அடக்குவது, கணக்கு. கனடா நாட்டு வழிகாட்டியில் மூளையின் வேலையைப் பத்துப் பிரிவாகப் பிரித்து, மூன்றிலாவது பெரிய குறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே டாக்டர் அரைமணியில் செய்யும் வேலை அல்ல, மனநல உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் சேர வேண்டும். நம் மாவட்டத்தில் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பள்ளியிலேயே வந்து பார்க்கும் மருத்துவக் குழு உண்டு. டீச்சர், அவர்கள் வரும்போது இந்தப் பையனைக் காட்டுங்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஆசாரிப்பள்ளத்தில் விசாரிக்கலாம். நம்மூர்க்காரர்கள் எப்படியும் பாதிப்பேர் திருவனந்தபுரம் போவீர்கள். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது.

அம்மச்சியிடம் கேட்பதைப் பற்றி: அதை டீச்சர் கேட்க வேண்டாம். நீங்கள் பிள்ளையின் சிரமத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, என்ன சொன்னோம், என்ன செய்தான் என்று. கேள்வி எங்கள் பொறுப்பு. நான் கேட்பது இப்படி: எத்தனை மாதத்தில் பிறந்தான், எடை என்ன, காய்ச்சல் வந்ததா, வலிப்பு மாத்திரை உண்டா, என்ன வேலைக்குப் போனார், சாப்பாடு எப்படி, வெற்றிலை புகையிலை, அரிஷ்டம், கள்ளு, பிராந்தி. பட்டியலில் ஒன்றாக வந்தால் அது ஒரு கேள்வி. தனியாகக் கேட்டால் அது கன்னத்தில் ஒரு அறை. பழைய தாய் சேய் அட்டை வீட்டில் கிடந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேன் | செப்டம்பர் 6, அதிகாலை 3:30

இளைஞர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சின்ன வயதில் "வால் பையன்" என்று சிரித்துவிட்டுப் போகலாம். 15, 16 வயதில் சிரிப்பு நின்றுவிடும். ஆள் வளர்ந்திருப்பான், மீசை வந்திருக்கும், காசு விஷயத்திலும் நட்பு விஷயத்திலும் எட்டு வயதுப் பிள்ளை. யார் சிரித்துப் பேசினாலும் நம்புவான். பெரிய பையன்கள் திருடின போனை "இதைக் கொஞ்சம் வச்சிருடா" என்றால் வைத்திருப்பான். போலீஸ் கேட்டால் செய்யாததையும் செய்தேன் என்பான், ஏனென்றால் கேட்டவர் முகம் மலர வேண்டும். 1996ல் அமெரிக்காவில் 415 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அதில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் படிப்பில் தடைப்பட்டவர்கள், அதே அளவு சட்டச் சிக்கலில் மாட்டியவர்கள். அதே ஆய்வில்தான், ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து, அடிதடி இல்லாத நிலையான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு என்றும் வந்தது.

வருகிற 9ஆம் தேதி இதற்கான உலக நாள். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி. கர்ப்பத்துக்குப் பத்து மாதக் கணக்கு நம்முடையது, அவர்களுக்கு ஒன்பது.

தோவாளை அண்ணாச்சி | செப்டம்பர் 6, காலை 7:02

போன் கதை வாசிச்சப்போ எனக்க நெஞ்சு திக்குன்னுச்சு. எனக்கத் தெருவுல ஒருத்தன் உண்டு. சரி, அது வேற.

வேளிமலை டீச்சர் | அக்டோபர் 19, இரவு 8:55

ஆறு வாரம் ஆயிற்று, மன்னியுங்கள். காலாண்டுத் தேர்வு, விடுமுறை, அப்புறம் மழை.

டாக்டர் சொன்னபடி தேதி போட்டு 23 நாள் எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, அவனுடைய மோசமான நேரம் எல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல். காலையில் செய்கிற கணக்கை மாலையில் செய்ய முடியவில்லை. கணக்குப் பாடத்தைத் தலைமையாசிரியரிடம் பேசிக் காலைக்கு மாற்றினோம். இது ஒன்றுக்கே ஸ்டாஃப் ரூமில் மூன்று நாள் சண்டை.

அம்மச்சி நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "திருடினான்" என்று எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்துவிட்டார். "அஞ்சு பள்ளிக்கூடம் மாத்தியாச்சு டீச்சரே, ஒருத்தரும் இவனைப் பற்றி இப்படி எழுதினது இல்ல" என்றார். ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். கேள்விகள் கேட்கும்போது வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். காது நன்றாகக் கேட்கிறது, தைராய்டு சரியாக இருக்கிறது, மற்ற மதிப்பீடுகள் நடக்கின்றன. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வகுப்பில்: மேசையில் படங்கள் ஒட்டினோம். பொருட்களில் அவன் போட்டோ. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் எங்களுக்கும் ஒட்டுங்கள் என்று கேட்க, 38 பேருக்கும் ஒட்டியாயிற்று, அதனால் அவன் தனியாகத் தெரியவில்லை. ஜாமெட்ரி பாக்ஸ் பிரச்சினை இரண்டு தடவைதான் வந்தது. கதை சொல்வது நிற்கவில்லை. நான்தான் "ஏன் எடுத்தாய்" என்று கேட்பதை நிறுத்தினேன். "இதில் யார் படம் இருக்கிறது?" என்று கேட்கிறேன். பார்க்கிறான், திருப்பிக் கொடுக்கிறான். வாய்ப்பாடு அப்படியேதான், சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.

பஸ்ஸுக்கு ஒரு அட்டை செய்தோம். இறங்கும் இடம், சில்லறை, அம்மச்சி போன் நம்பர். மழையில் நனைந்து மை கரைந்து, நாலு நாளில் கூழாகிவிட்டது. தக்கலை, நாகர்கோவில் பக்கம் சின்ன அட்டைகளை லேமினேஷன் செய்து துளையும் போட்டுத் தரும் கடை யாருக்காவது தெரியுமா?

பெயரிலி | அக்டோபர் 19, இரவு 11:20

சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, "சொன்னது நல்லதும்மா, இனி சரியான திசையில் பார்க்கலாம்" என்றார். மாமியாருக்கு இன்னும் தெரியாது.

தோவாளை அண்ணாச்சி | அக்டோபர் 20, காலை 6:48

டீச்சர், எனக்க கடை எதுக்கு இருக்கு? ஜெராக்ஸ், லேமினேஷன், பஞ்சிங் எல்லாம் உண்டு. வடசேரி ஸ்டாண்டுல எறங்கி தோவாளை வண்டி ஏறுனா மார்க்கெட்டுக்கு முன்னால எறக்கி விடுவான். 38 பிள்ளைக்கும் சேத்துக் கொண்டு வாங்க. பைசா ஒண்ணும் வேண்டாம். ஒரு அட்டை கூடுதலா அடிச்சு வச்சிட்டுப் போங்க, எனக்கத் தெருப் பயலுக்கு.

டாஸ்மாக் வரிசையில பொம்பளைய நிக்கல்லன்னு நான் சொன்னது சொன்னதுதான்.